வாப்பாவை விழுங்கிய கார்

எனக்குப் பெருமை அதிகம். இதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். நான் சொல்லாவிட்டால் எங்கள் வீட்டில் வேறு யாராவது சொல்லிவிடுவார்கள். அவர்கள் சொன்னால் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்கள்.

எங்கள் குடும்பத்தில் படிப்பை முடித்த முதல் ஆள் நான். வாப்பா புத்தளத்து உப்பளத்தில் முப்பது வருடம் உப்பு வாரியவர். குர்ஆன் ஓதுவார், தமிழ் எழுத்து தெரியாது. ரிஹானா ராத்தா (அப்பாவை வாப்பா என்றும் அக்காவை ராத்தா என்றும் நாங்கள் சொல்வோம்) ஐந்தாம் வகுப்போடு நின்று வாப்பாவுடன் உப்பளத்துக்குப் போனாள். நான் மட்டும் கெம்பஸ், அதாவது பல்கலைக்கழகம், வரை போனேன். அதனால் எழுத்து உள்ள எந்தப் பொருளும் என்னிடம்தான் வரும். மருந்துப் போத்தல், மின்சார பில், பிஸ்கட் பெட்டி எல்லாவற்றையும் தீர்ப்பு வழங்கும் நீதிபதியைப் போலத் தொண்டையைச் செருமிக்கொண்டு வாசிப்பேன்.

ராத்தாவின் கல்யாணம் தள்ளித் தள்ளிப் போனதற்கு நானும் ஒரு காரணம். நான் படித்து முடிக்கட்டும் என்று காத்திருந்தாள். கடைசியில் கற்பிட்டியில் நல்ல இடம் ஒன்று அமைந்தது. தங்கள் ஊர்ப் பள்ளிவாசலில்தான் நிக்காஹ் நடக்கவேண்டும் என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்டார்கள். சரி என்றோம். பெண்ணைக் கொடுப்பவர் வாப்பா. அவர் நேரில் வந்து சொல்லவேண்டும். பதிவுப் புத்தகத்தில் அவருடைய பெருவிரல் விழவேண்டும். அவர் இல்லாமல் எதுவும் நடக்காது.

அந்த வாப்பாவை வாடகை வேனில் எல்லோரோடும் நெருக்கி உட்காரவைத்துக் கொண்டுபோக என் பெருமை இடம் தரவில்லை.

என்னோடு வேலை செய்யும் ஷிரீனின் கணவரிடம் ஒரு கார் இருந்தது. தடைசெய்திருந்த வாகன இறக்குமதி மறுபடி திறந்த பிறகு ஜப்பானிலிருந்து வந்தது. பாதி பெற்றோல், பாதி மின்சாரம். ஐந்து விநாடியில் நூறைத் தொடுமாம். (எங்கள் வீட்டு ஒழுங்கையில் அது தொட்டதெல்லாம் கோழிகளைத்தான்.) கணவர் உம்ராவுக்கு மக்கா போயிருந்தார். ஷிரீன் சாவியைக் கையில் தந்து, "புத்தகத்த ஒருக்கா வாசிச்சிக்க. கார்ல இரிக்கி" என்றாள்.

"அதெல்லாம் வாசிச்சாச்சி" என்றேன். அது பொய். யூடியூபில் இரண்டு வீடியோ பார்த்திருந்தேன், அவ்வளவுதான்.

கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்பே காரைக் கொண்டுவந்து முற்றத்தில் நிறுத்தினேன். கன்னங்கரேல் என்று, தரையோடு தரையாகப் பதுங்கியபடி இருந்தது. கதவுகளில் கைப்பிடி தெரியாது. சாவியோடு பக்கத்தில் போனால், உள்ளே ஒளிந்திருந்த கைப்பிடி மெதுவாக வெளியே நீளும். நம் கையைக் கேட்பதைப் போல. முதல் நாள் பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு, யாரும் தொடாமலே உள்ளே எங்கோ ஒரு விசிறி சுழலத் தொடங்கியது. ஐந்து நிமிடம் சுழன்றது. நின்றது. ஒரு பெருமூச்சு விட்டது.

உம்மா கதவடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"மகள், இது மூச்சு விடுது."

"பேட்டரிய ஆத்துது உம்மா. சூடு ஆத்துற விசிறி."

"ஆரும் இல்லாத நேரத்துல ஆருக்கு ஆத்துது?"

அன்றிலிருந்து எங்கள் பூனை அந்தக் காரின் அடியில் படுக்கவில்லை. நிழலுக்காக எந்த வாகனத்தின் அடியிலும் படுக்கும் பூனை அது. இந்தக் காரை மட்டும் ஒரு வட்டம் போட்டுச் சுற்றிப் போனது.

உம்மா சட்டியில் கனல் எடுத்து சாம்பிராணி போட்டுக்கொண்டு வந்தார். புதுக் குழந்தைக்கும் புது வீட்டுக்கும் காட்டுவதுபோல இதற்கும் காட்டவேண்டுமாம். படித்தவள் என்ன செய்திருக்கவேண்டும்? வேண்டாம் என்றிருக்கவேண்டும். நானோ, "சும்மா சுத்திக் காட்டினா உள்ளுக்குப் போகாது உம்மா, நான் விஞ்ஞான முறையில செய்யிறன்" என்று சொல்லி, எஞ்சினைத் தட்டாமல் கரண்டை மட்டும் போட்டு, காற்று விசிறியை முழு வேகத்தில் வைத்தேன். முன்கண்ணாடியின் கீழே இருந்த துளைகளின் பக்கத்தில் சட்டியைப் பிடிக்கச் சொன்னேன். கார் அந்தப் புகையை உறிஞ்சியது. சீட்டு, கூரை, குளிரூட்டியின் குடல் எல்லாம் சாம்பிராணி. அந்தியில் மஃரிபுத் தொழுகை வரை ஒரு மணி நேரம். மூன்று நாளும் இதே வேலை. கடைசி நாளில் உம்மாவின் முகத்தில் நிம்மதி.

"இப்ப அடங்கிட்டு" என்றார்.

உண்மையாகவே அடங்கிக்கொண்டுதான் இருந்தது.

கல்யாண நாள். உம்மாவும் ராத்தாவும் மற்றவர்களும் காலையிலேயே வேனில் கற்பிட்டிக்குப் போய்விட்டார்கள். அஸர் தொழுததும் நிக்காஹ். நண்பகல் லுஹர் தொழுகை முடிந்து நானும் வாப்பாவும் புறப்பட்டோம். வாப்பா வெள்ளை ஜுப்பாவும் தொப்பியுமாக முன் சீட்டில் இருந்தார். எதையும் தொட்டுவிடக்கூடாது என்று இரண்டு கைகளையும் மடியில் வைத்திருந்தார்.

பாலாவியில் திரும்பி உப்பளத்துப் பக்கம் வந்தபோது என் பெருமை மறுபடி எழுந்து நின்றது. இந்த மனிதர் வெறுங்காலோடு வேலை செய்த பாத்தி இது. இங்கே, இந்தக் காரில், இவரை ஒரு படம் எடுக்காமல் போவதா?

வரம்புப் பாதையில் கொஞ்சத் தூரம் இறக்கி நிறுத்தினேன். கைப்பையை, அதற்குள் சாவியை, சீட்டில் விட்டுவிட்டு, கையில் போனோடு இறங்கினேன். கதவைச் சாத்தினேன். பத்தடி பின்னால் போய்த் திரும்பினேன்.

மனித நடமாட்டமே இல்லை. வானமும் வெள்ளை, தரையும் வெள்ளை. தூரத்தில் உப்புக் குவியல்கள் மண்ணைத் தொடாமல் கானலில் மிதந்தன. காற்று சுத்தமாக நின்றுபோயிருந்தது. அந்தக் கரையில் அது நிற்பதே அபூர்வம். கார் தானாக அணைந்தது. வெளியே நீண்டிருந்த கைப்பிடிகள் மெதுவாக உள்ளே போயின. 'டக்' என்று ஒரு சத்தம்.

பிறகு துடைப்பான் ஒருமுறை எழுந்து, காய்ந்த கண்ணாடியைக் கீறிக்கொண்டு பாதி வழியில் நின்றது. பக்கக் கண்ணாடிகள் இரண்டும் காதை மடக்குவதைப் போல மடங்கின. உள்ளே ஒரு பெண் குரல் ஜப்பானிய மொழியில் ஏதோ மரியாதையாகச் சொல்லத் தொடங்கியது. ஒரு சொல்லின் நடுவில் அறுந்தது.

ஓடிப்போய்க் கதவைத் தடவினேன். பிடிக்க எதுவும் இல்லை. வழுவழு என்று ஒரு கறுப்புச் சுவர். வாப்பா உள்ளே கதவுப் பொத்தானை அழுத்திப் பார்த்தார். கண்ணாடிப் பொத்தானை அழுத்தினார். பைக்குள் இருந்த சாவியை எடுத்து அழுத்தினார். எதுவும் அசையவில்லை. அவருடைய உதடுகள் மட்டும் அசைந்தன. அந்தத் தடித்த கண்ணாடிக்குள்ளிருந்து சத்தம் வரவில்லை. உயிர் போகும் நேரத்தில் சொல்லும் கலிமாதான் சொல்கிறார் என்று நினைத்துக் கண்ணாடியை இரண்டு கையாலும் தட்டினேன். ("பைக்குள்ள தண்ணிப் போத்தல் இரிக்கா எண்டுதான் கேட்டன்" என்று பிறகு சொன்னார்.)

அப்போது பார்த்து ராத்தாவிடமிருந்து போன் வந்தது.

"எங்க நிக்கிறீங்க?"

"வந்துக்கிட்டு இரிக்கம் ராத்தா."

"பதிவுகாரருக்கு வேற ஊருல இன்னொரு நிக்காஹ் இரிக்காம். அஸர் முடிஞ்சி கால் மணி நேரத்துக்கு மேல நிக்க மாட்டாராம். மாப்பிள்ளட மாமா இப்பவே முகத்தச் சுழிக்கிறார். வாப்பாட்டக் குடு, ஒரு சலாம் சொல்ல."

கண்ணாடிக்குள் வாப்பா நெற்றி வியர்வையைத் தொப்பியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வாப்பா... உள்ளுக்கு இரிக்கார்" என்றேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன மிகச் சுத்தமான உண்மை அதுதான்.

கண்ணாடியை உடைக்கலாம் என்று கல் தேடினேன். உப்பளத்தில் கல் கிடையாது. எங்கே பார்த்தாலும் உப்பு. ஒரு பெரிய கட்டியை எடுத்து ஓங்கி அடித்தேன். அது என் கையிலேயே பொடியாகிக் கண்ணில் விழுந்தது. ஒற்றைக் கண்ணோடு கத்திக்கொண்டு வரம்பில் ஓடினேன்.

வாப்பாவோடு வேலை செய்த யூசுப் நானா (அண்ணனை நானா என்போம்) தன் பழைய மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டுக் கொட்டிலில் படுத்திருந்தார். உப்பு வாரும் மரப் பலகையைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடிவந்தார். காருக்கு ஐந்தடி தூரத்தில் சட்டென்று நின்றார். மூக்கை உயர்த்தினார்.

"புள்ள... என்ன இது, சாம்பிராணி வாசம்?"

உண்மைதான். முன்கண்ணாடிக்குக் கீழே இருந்த துளைகளிலிருந்து, வெயில் சூட்டில் மூன்று நாள் சாம்பிராணியும் மெதுவாகக் கிளம்பி வந்துகொண்டிருந்தது. மூடிய காருக்குள் வெள்ளை உடுப்போடு ஒரு மனிதர், பேச்சு மூச்சில்லாமல் வாயை அசைக்கிறார். சுற்றிலும் மையத்து கிடக்கும் சாவு வீட்டு வாசம்.

"அவர் உசிரோடதானே இரிக்கார்?" என்றார் யூசுப் நானா, மெதுவாக.

"உசிரோடதான் நானா! அடிங்க!"

பிஸ்மில்லாஹ் சொல்லி அடித்தார். பலகை இரண்டாகப் போனது. கண்ணாடி அப்படியே இருந்தது. வாப்பா உள்ளேயிருந்து, 'பலகைய உடைச்சிட்டியேடா' என்பதுபோலக் கையை விரித்தார்.

அப்போதுதான் எனக்குப் புத்தகம் நினைவுக்கு வந்தது. அவர் சீட்டுக்கு முன்னால் இருந்த பெட்டியைக் கையால் காட்டினேன். வாப்பா திறந்தார். தடித்த புத்தகம். விரித்து என் பக்கம் கண்ணாடியில் ஒட்டிப் பிடித்தார், மின்சார பில்லை என்னிடம் நீட்டுவதைப் போலவே.

ஜப்பானிய மொழி.

தலைகீழாகப் பிடித்திருக்கிறார் என்று நினைத்துத் திருப்பச் சொன்னேன். திருப்பினார். அப்போதும் ஜப்பானிய மொழிதான். அடுத்த பக்கம். அதற்கடுத்த பக்கம். நான் ஒவ்வொன்றுக்கும் இல்லை என்று தலையாட்டினேன். தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றும் வாசிக்கத் தெரிந்தவள், வாப்பாவுக்கு முன்னால் முதல் தடவையாக, "எனக்கு வாசிக்கத் தெரியாது" என்று சைகையில் சொன்னேன்.

வாப்பா என்னைப் பார்த்தார். கோபமில்லை. 'ஓ, நீயும் நம்மட ஆள்தானா' என்கிற ஒரு பார்வை. முகம் சிவந்து, ஜுப்பா உடம்போடு ஒட்டியிருந்தது. புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். நிதானமாகப் புரட்டத் தொடங்கினார். எழுத்தை அவர் பார்க்கவே இல்லை. எழுபது வருடமாக எழுத்துகளைக் கடந்து படங்களை மட்டுமே பார்த்துப் பழகிய கண் அது. ஓரிடத்தில் நிறுத்தினார். படத்தைப் பார்த்தார், சீட்டைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். குனிந்தார். கண்ணாடியில் அவர் தலை மறைந்தது.

அந்தச் சில விநாடிகள் அந்தக் காருக்குள் யாருமே இல்லாததுபோல இருந்தது. என் முகம் மட்டும் கறுப்புக் கண்ணாடியில் தெரிந்தது.

'டக்'.

கதவு திறந்தது. சாம்பிராணி மேகம் ஒன்று வெளியே வந்தது. அதற்குப் பின்னால் வாப்பா வந்தார்.

"தரை விரிப்புக்குக் கீழ ஒரு சின்னக் கம்பி இரிக்கி. இழுத்தாத் துறக்குது. படம் போட்டிருக்கானே" என்றார். என் கைப்பைத் தண்ணீரை முழுவதும் குடித்தார். "நேரம் என்ன?"

யூசுப் நானாவின் மோட்டார் சைக்கிளில் பேட்டரி செத்துப் பல வருடம். காலால் உதைத்தால் எழும்பும். இரண்டே உதை. வாப்பா ஜுப்பாவைச் சுருட்டிப் பின்னால் ஏறிக்கொண்டார். எனக்கு இடமில்லை. இருந்தாலும் போக முடியாது. பூட்டாத இரவல் காரை உப்பளத்தில் விட்டுவிட்டு எப்படிப் போவது?

"நீ இத பாத்துக்க, மகள்" என்றார் வாப்பா. போய்விட்டார்.

காரும் நானும் தனியாக இருந்தோம். சத்தம் ஓய்ந்தது. வெயில் சாயத் தொடங்கியது. பாலாவிப் பக்கமிருந்து அஸர் பாங்கு மெல்லியதாக வந்தது. அந்த நேரத்தில், எனக்கு முதுகுப் பக்கம் ஏதோ அசைந்தது. திரும்பினேன். மடங்கியிருந்த பக்கக் கண்ணாடி ஒன்று மெதுவாக விரிந்துகொண்டிருந்தது. பாதியில் நின்று என்னைப் பார்த்தது. முன்விளக்கு இரண்டும் ஒருமுறை திறந்து மூடின. (செத்த பேட்டரி ஓய்வெடுத்தால் கொஞ்சம் உயிர் வருமாம். இது பிறகு தெரிந்த விஞ்ஞானம்.) அப்போது பட்டதாரியான நான் செய்தது, பாத்தி வரம்பில் உட்கார்ந்து கண்ணை இறுக மூடி, பயம் வந்தால் ஓதும் ஆயத்துல் குர்ஸி ஓதியதுதான். மூன்று முறை. மூன்றாவது முறை சத்தமாக.

ராத்தாவின் போன் வந்தது. அழுகையும் சிரிப்புமாக, "முடிஞ்சிட்டு. வாப்பா வந்துட்டார். கை முழுக்கக் கிறீஸ். பதிவுகாரர் மை தொடாமலே விரல வைக்கச் சொன்னார். நீ எங்க?"

"உப்பளத்துல."

"என்ன செய்யிறாய்?"

"காருக்குக் காவல்."

எனக்காகக் காத்திருந்தவளின் நிக்காஹை நான் காணவில்லை. ஓர் உப்பு வரம்பில் அமர்ந்து போனில் கேட்டேன். அழுதேன். உப்புப் பட்ட கண்ணில் அது நன்றாகவே எரிந்தது.

சிலாபத்திலிருந்து வந்த சிங்கள மெக்கானிக், சின்னதாக ஒரு பேட்டரியை மாற்றினார். "நங்கி, பெரிய பேட்டரி ஃபுல். சின்னன்தான் செத்தது. அது இல்லாட்டி பெரியது எழும்பாது. ஆரோ கரண்ட போட்டு விசிறிய ஓட விட்டிருக்கு" என்றார். பிறகு மூக்கைச் சுருக்கி, "உள்ளுக்கு என்ன, பன்சல மாதிரி வாசம்?" என்றார். (நங்கி என்றால் தங்கச்சி, பன்சல என்றால் புத்தர் கோயில்.) நான் உப்புக் குவியல்களைப் பார்த்தேன். கார் விழித்தது. அந்தப் பெண் குரல், அறுந்த இடத்திலிருந்து தொடங்கி, மிச்சத்தை மரியாதையாகச் சொல்லி முடித்தது.

இப்போதெல்லாம் எங்கள் வீட்டில் எந்தக் கடிதம் வந்தாலும் என்னிடம் நேரே வருவதில்லை. முதலில் வாப்பாவிடம் போகிறது. அவர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் பரிசோதித்த பிறகுதான் எனக்கு. ராத்தா தன் குழந்தையின் தடுப்பூசி அட்டையைக்கூட அவரிடம்தான் முதலில் காட்டினாள்.

போன மாதம் எனக்குப் பதவி உயர்வுக் கடிதம் வந்தது. மூன்று பக்கம், முழுக்க ஆங்கிலம். வீடே கூடி நின்றது. நான் தொண்டையைச் செருமினேன். வாப்பா கையை நீட்டிக் கடிதத்தை வாங்கினார். முன்னும் பின்னும் திருப்பினார். வெளிச்சத்தில் பிடித்தார். கவலையோடு என்னைப் பார்த்தார்.

"படம் ஒண்டும் இல்லயே, மகள். கதவு துறக்காட்டி என்ன செய்யிற?"