கதிர் கல்யாணத்தில் நான் பெய்யவைத்த பனி

எனக்கு வெட்கம் கொஞ்சம் குறைவு என்பதால் வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன். மண்டபம் நிறைந்த சனத்தின் முன்னால், மாப்பிள்ளைக்கு அவனுடைய கூடப்பிறந்த அக்காவையே ஜோடியாக்கிப் படம் காட்டியவன் நான். (கல்லை எடுக்காதீர்கள். எந்திரமும் உடந்தை.)

அப்போது கோவையில் கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டே சினிமா இயக்குநராகக் காத்திருந்தேன். செயற்கை நுண்ணறிவில் நாலைந்து குட்டிப் படம் செய்து பார்த்ததில் தலைகால் புரியவில்லை. அவிநாசியில் நண்பன் கதிரின் கல்யாணம் வந்தது. பெண்ணின் சித்தப்பா சினிமாத் தயாரிப்பாளர். வரவேற்பில் என் படம் ஓடி, அவருக்குப் பிடித்துவிட்டால், என் கதையைக் கேட்பார். அவ்வளவுதான் கணக்கு.

“உன் காதல் கதையை எடுக்கறேன்டா” என்றேன்.

“என்ன காதல்? பொண்ணையே ஒருக்காத்தான் பாத்திருக்கேன். அக்காகிட்ட எதாச்சும் கேட்டுப் பாரு.”

“கேக்கற காலமெல்லாம் போச்சுடா. போட்டோவைக் குடுத்தா எந்திரமே கதை சொல்லிப்போடும்.”

முகூர்த்தம் முடிந்த கையோடு, கிடைத்த போட்டோவையெல்லாம் உள்ளே தள்ளினேன். பெரும்பாலானவை முதல்நாள் நடந்த இணைச்சீரில் எடுத்தவை. கல்யாணமானாலும் உடன்பிறப்பு உறவு விட்டுப்போகக்கூடாது என்று, மாப்பிள்ளையின் சகோதரி பட்டும் நகையுமாக அவன் பக்கத்தில் அமர்ந்து செய்கிற சீர் அது. சுமதி அக்கா மணப்பெண்ணே தோற்கும்படி ஜொலித்தார். எந்திரத்துக்கு இணைச்சீர் தெரியாது. எனக்குத் தெரியும். ஆனால் படத்தில் முதல் அரை நிமிடத்தை மட்டும் பார்த்துவிட்டு எழுந்து போய்விட்டேன். பந்தியில் இலை போட்டிருந்தார்கள்.

மாலையில் திரை ஒளிர்ந்தது. “இரு இதயங்கள் சங்கமித்தன” என்று ஒரு கனத்த குரல். அவிநாசிக் கோபுரத்தின் மேல் பனி கொட்டுகிறது. அந்தப் பனியில் கதிரும் சுமதி அக்காவும் கைகோத்து நடக்கிறார்கள். நிஜ மணப்பெண் தீபா, ஓரமாக வந்து பூத்தூவிவிட்டுப் போனாள். அடுத்த காட்சியில் இருவருக்கும் தலை நரைத்து, மடியில் பேரன் பேத்தி!

அக்காவின் கணவர், சோமனூரில் தறி ஓட்டும் பழனிசாமி மாமா, மெல்ல எழுந்தார்.

“ஏனுங்க தம்பி, அப்ப நானு யாருங்க?”

பாய்ந்துபோய் வயரைப் பிடுங்கினேன். மண்டபத்து விளக்கெல்லாம் அணைந்தது. படம் மட்டும் இன்னும் பளிச்சென்று ஓடியது. யாரோ திரையை அணைத்து விளக்கைப் போட்டபோது நான் ஒரு பூஞ்சாடிக்குப் பின்னால் குந்தியிருந்தேன்.

அக்கா அங்கேயே வந்துவிட்டார். “ஏஞ்சாமி, எங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்போமல்ல?” என்றபடி மைக்கை வாங்கினார்.

“நான் கண்ணாலமாகி சோமனூர் போறப்ப இவனுக்குப் பத்து வயசுங்க. காருக்குப் பின்னாலயே சைக்கிளை மிதிச்சுட்டு வந்துட்டான். கருமத்தம்பட்டியில டீ குடிக்க நிறுத்துனப்ப வந்து புடிச்சுட்டான். இவரு சைக்கிளைக் காரு மேல கட்டிப்போட்டு, அவனை எங்களுக்கு நடுவுல உக்கார வெச்சாரு. எங்க ரெண்டு பேருக்கும் இடையில வந்தவன் இவன்தானுங்க!”

மண்டபம் வெடித்துச் சிரித்தது. கதிர் மேடையிலேயே அழுதான். தீபா தன் கைக்குட்டையைக் கொடுத்தாள். எனக்கு வயிறு எரிந்தது. இரண்டு நிமிடம், ஒரு மைக், பனி இல்லை, பின்னணி இசை இல்லை. கேட்டிருந்தால் இது என் படமாக இருந்திருக்கும்.

தயாரிப்பாளர் நேராக என்னிடம்தான் வந்தார். “அந்தம்மா கதை எழுதுவாங்களான்னு கேட்டுச் சொல்லுங்க தம்பி.”

அன்றோடு ஒரு முடிவுக்கு வந்தேன். இரைச்சலை நீக்கவும் வண்ணத்தைச் சரிசெய்யவும் எந்திரத்தை வைத்துக்கொள்கிறேன். கதை மட்டும் அதனிடம் கேட்பதில்லை. விசேஷத்துக்கு இரண்டு நாள் முன்பே போய் உட்கார்ந்து, வீட்டிலிருக்கிற ஒவ்வொருவரிடமும் கேட்பேன். “அரை மணி நேரத்துல செஞ்சு தர்றாங்களே” என்று சொல்பவர்களிடம், “நம்மால முடியாதுங்க” என்பேன். பிழைக்கத் தெரியாதவன் என்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்! நாளைக்கு முழுநீளப் படத்தையே எந்திரம் எடுத்துத் தள்ளினாலும் நான் வாசற்படி ஏறிக் கேட்கத்தான் போகிறேன்.

கதிர் வீட்டில் மட்டும் இன்றுவரை விமோசனம் இல்லை. நான் உள்ளே நுழைந்தால் குடும்பமே வரிசையில் நின்று, பெயரும் உறவுமுறையும் ஒப்பிக்கும். நானும் சிரிக்காமல் நோட்டில் எழுதிக்கொள்வேன். போன மாதம் கதிரின் மகளுக்குக் காதுகுத்து. வரிசையில் முதலில் மாமா.

“பேரு பழனிசாமிங்க. சுமதிக்கு ஊட்டுக்காரனுங்க. இன்னொன்னும் எழுதிக்கோங்க. அன்னிக்குக் கருமத்தம்பட்டியில டீக்காக நிறுத்தலீங்க. பையன் மூச்சிரைக்க மிதிச்சுட்டு வாரதைக் கண்ணாடியில பாத்துப்போட்டேன்.”

பின்னால் நின்ற அக்கா வரிசையை விட்டு வெளியே வந்து அவரையே பார்த்தார். “இத்தனை வருசமா எங்கிட்டச் சொல்லவே இல்லீங்களே?”

“நீ கேக்கவே இல்லையே அம்மணி.”