ரோசா வயிற்றில் ஏறிய முனி

அந்த ஐப்பசியில் பரமத்தி வேலூரில் மனிதனாகப் பிறந்தவனுக்கு மரியாதை இல்லை. காய்ச்சல் என்று படுத்தால் ஒரு கஷாயம் கொடுப்பார்கள், அதோடு சரி. குதிரையாகப் பிறந்து ஒரு தும்மல் போட்டால் போதும், மேளம் இல்லாத குறையாகச் சாமியாரிடம் அழைத்துப் போனார்கள்.

எழுபத்தெட்டாம் வருஷம். மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. வெற்றிலைக் கூடையும் வாழைத்தாரும் ஏற்றிக்கொண்டு பஸ் நிலையத்துக்கு ஓடுகிற குதிரை வண்டிகள் அப்போது ஊரில் நிறைய இருந்தன. லாரி வந்து பாதிப் பிழைப்பைப் பிடுங்கிக்கொண்டது. மீதிப் பிழைப்பு குதிரையின் வயிற்றில் இருந்தது. அந்த வயிற்றில் முனி புகுந்திருக்கிறார் என்று ஒருவர் வந்து சொன்னார்.

அவர் பெயர் அசுவமுனி சாமிகள். எந்த ஊர், என்ன தொழில் என்று ஒருவரும் கேட்கவில்லை. தாடி இருந்தது, காவி இருந்தது, குரல் கனமாக இருந்தது. இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்? ஆற்றங்கரை முனியப்பன் கோயில் ஓரமாகக் கொட்டகை போட்டார். நாமக்கல், மோகனூர், சேந்தமங்கலம் என்று எல்லாப் பக்கமிருந்தும் குதிரைகள் வந்து வரிசையில் நின்றன. பின்னாலேயே சுண்டல் கடை வந்தது, வளையல் கடை வந்தது, ராட்டினம் வந்தது. ஒருவர் எருமையைப் பிடித்துக்கொண்டு வந்து, "இதையும் குதிரையா நெனச்சுப் பாத்துருங்க சாமி" என்று கெஞ்சினார். சாமிகள் பார்த்தார். காணிக்கை விஷயத்தில் அவருக்கு இனபேதம் கிடையாது.

சாமிகளின் வைத்திய சாஸ்திரம் மிக எளிது. மழைக்காலத்தில் ஊரைச் சுற்றிவர முனிக்கு வாகனம் வேண்டும். சேற்றில் நடந்தால் அவருக்கும் கால் வழுக்கும் அல்லவா? ஆகவே குதிரை மேல் ஏறுகிறார். மார்கழிப் பனியில் குளிருக்கு ஒதுங்கக் குதிரையின் வயிற்றுக்குள் போகிறார். கோடையில் தாகம் தாங்காமல் அதன் ரத்தத்தைக் குடிக்கிறார். ஆகவே மழைக்கு ஒரு காப்புக் கயிறு, பனிக்கு ஒன்று, வெயிலுக்கு ஒன்று. சில குதிரைகள் கயிற்றின் கனம் தாங்காமலே தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றன. பார்த்தீர்களா, முனி எப்படி அழுத்துகிறார் என்று சாமிகள் அதற்கு இன்னொரு கயிறு கட்டினார்.

நோய் முற்றிவிட்டால் சடை எடுப்பு. அதற்குச் சட்டதிட்டம் உண்டு. குதிரை கட்டுகிற கொட்டடி இருட்டாக இருக்க வேண்டும். குதிரையைத் தலை முதல் குளம்பு வரை மஞ்சள் தண்ணீரில் நனைத்த சாக்கால் மூட வேண்டும். சாமிகளைப் பார்த்துவிட்டால் முனி ஓடி ஒளிந்துகொள்வார். ஒரு சொட்டுத் தண்ணீர் காட்டக் கூடாது. தாகம் எடுத்தால்தான் முனி வெளியே வருவார். குதிரை தின்கிற கொள்ளு முழுவதும் மூட்டையோடு சாமிகளுக்குப் போய்விட வேண்டும். முக்கியமாக, பெண்பிள்ளைகளின் நிழல் படவே கூடாது. இவ்வளவும் ஆனபின் சாமிகள் வேப்பிலைக் கொத்தோடு உள்ளே போவார். குதிரையைத் தொடாமல் வயிற்றுக்கு நேராக வருடுவார். திடீரென்று ஓர் அலறல். கையில் நீளநீளமாகக் கறுத்த முடிக் கத்தை! "முனியோட சடை!" என்று ஒருமுறை ஆட்டிக் காட்டிவிட்டு உடனே சூடத்தில் போட்டு எரித்துவிடுவார்.

வயிற்றுவலி வந்த குதிரைகளில் பல தாமாகவே தேறின. குதிரைகளுக்கு அந்த நல்ல வழக்கம் உண்டு. தேறினால் சாமிகளின் மகிமை. செத்தால் பெண்டாட்டியின் நிழல். நாச்சிமுத்துவின் செவலைக் குதிரை செத்தபோது அவன் மனைவி காளியாத்தாளை ஊரே ஏசியது. அவள் அந்த வாரம் முழுக்கச் சேந்தமங்கலத்தில் தாய் வீட்டில் இருந்தாள். நிழல் மட்டும் பஸ் ஏறி வந்திருக்கும் என்று பெரியவர்கள் கூடி முடிவு செய்தார்கள்.

இப்படி இருக்கையில் தீர்த்தகிரியின் பெண்குதிரை ரோசாவுக்கு வயிறு நொந்தது. முன்காலால் தரையைப் பறித்தது. திரும்பித் திரும்பித் தன் வயிற்றையே பார்த்தது. படுத்தது, எழுந்தது, மறுபடி படுத்தது. லத்தி போடுவதே நின்றுபோயிற்று. தீர்த்தகிரிக்கு நிலம் கிடையாது, வேறு தொழில் தெரியாது. ரோசா போனால் வண்டி போயிற்று. வண்டி போனால் அடுப்பும் அணைந்தது. அவன் மனைவி பழனியம்மாளுக்கு அதைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. அவளுக்கு ரோசாவைப் பிடிக்கும்.

"ஏனுங்க, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிரலாமுங்க" என்றாள்.

"ஏ புள்ள, அது மாட்டாஸ்பத்திரி. குதிரைக்கு அங்க என்ன சோலி? மாட்டு ஊசியப் போட்டுட்டா நாளைக்கு இது ம்மாங்கும்."

"அப்ப முனியப்பங் கோயில்ல இருக்கறது குதிரையாஸ்பத்திரியாக்கும்?"

"வாய மூடு. உன்ற நெழலு பட்டுத்தான் இதுக்கு இப்படி ஆயிருக்கும். நான் போயிச் சாமியக் கூட்டிட்டு வாரேன். தண்ணி கிண்ணி காட்டிப்போடாத."

அரசாங்கம் பெரிய எழுத்தில் 'கால்நடை மருந்தகம்' என்றுதான் பலகை வைத்திருந்தது. ஆனால் ஊர் வாயில் அது மாட்டாஸ்பத்திரி. அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு வண்டிக்காரர் எவரும் அந்த வாசலை மிதிக்கவில்லை. குதிரைக்கும் நான்கு கால் என்பதை வண்டிக்காரர்களே மறந்துவிட்டார்கள்.

தீர்த்தகிரி விடியற்காலையில் கிளம்பிப் போனான். சாமிகளுக்கு நல்ல நேரம் சாயங்காலம்தான் என்று அங்கேயே உட்கார வைத்துவிட்டார்கள். பழனியம்மாள் அடுத்த வீட்டுக் குயவர் கைலாசத்திடம் போனாள். முனியப்பனுக்கு நேர்ந்துகொண்ட ஒருவருக்காக அவர் ஆள் உயரத்தில் மண்குதிரை ஒன்று செய்து சுட்டு வைத்திருந்தார். மழையால் கோயிலுக்குப் போகாமல் அது சூளை ஓரத்தில் நின்றது.

"கைலாசண்ணே, உங்க குதிரைய இன்னிக்கு ஒருநாளைக்குக் குடுங்க."

"எதுக்கு ஆத்தா?"

"வைத்தியம் பாக்கோணும்."

"அதுக்கு என்ன நோவு?"

"என்ன நோவுன்னு சாமி வந்து சொல்லுவாருங்க."

கைலாசம் வயிறு குலுங்கச் சிரித்தார். தன் மகன்களோடு சேர்ந்து மண்குதிரையைத் தூக்கிவந்து கொட்டடியில் நிறுத்தி, தலை முதல் குளம்பு வரை மஞ்சள் சாக்கால் மூடினார். பிறகு பழனியம்மாளும் அவரும் ரோசாவை மெல்ல நடத்தி மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். டாக்டர் ரோசாவின் மூக்கு வழியாகக் குழாய் விட்டு எண்ணெயும் உப்புத் தண்ணீரும் இறக்கினார். மந்திரம் ஏதும் சொல்லவில்லை. பழனியம்மாளுக்கு முதலில் அதுவே சந்தேகமாக இருந்தது. ரோசாவைக் கைலாசத்தின் பொறுப்பில் அங்கே விட்டுவிட்டு அவள் வீட்டுக்குத் திரும்பினாள்.

சாயங்காலம் சாமிகள் வந்தார். பின்னால் பாதி ஊர் வந்தது. பெண்கள் எல்லாரையும் தெருவுக்கு விரட்டினார்கள். பழனியம்மாள் கொட்டடியின் மூங்கில் தட்டிக்கு வெளியே நின்றாள். சாமிகள் கொட்டடி வாசலில் நின்று மூடிய குதிரையைப் பார்த்தார், கண்ணை மூடினார், கேள்வியை ஆரம்பித்தார்.

"லத்தி போட்டுச்சா?"

"இல்லீங்க சாமி, ஒரு உருண்டைகூட இல்லீங்க" என்று தட்டிக்கு வெளியிலிருந்தே பழனியம்மாள் பதில் சொன்னாள்.

"புல்லு?"

"தொடலீங்க."

"தண்ணி கேட்டுச்சா?"

"வாயவே அசைக்கலீங்க. அசைக்கவும் முடியாதுங்க."

"படுத்துப் பொரண்டுச்சா?"

"நின்ன எடத்துல அப்படியே நிக்குதுங்க. கண்ணக்கூட மூடலீங்க."

சாமிகள் கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "கட்டு! முனி நாலு காலையும் கட்டிப்போட்டுட்டான்! உள்ளுக்குள்ள எல்லாம் மண்ணு மாதிரி இறுகிப்போச்சு!"

"அது நெம்ப நெசமுங்க சாமி" என்றாள் பழனியம்மாள். அன்றைக்கு அவள் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. அந்தக் கூட்டத்தில் அப்படிச் சொல்லிக்கொள்ளக்கூடிய ஆள் அவள் ஒருத்திதான்.

சாமிகள் வேப்பிலையோடு உள்ளே போனார். வருடினார், உறுமினார், ஆடினார். "மூச்சு வாங்குது பாரு! வயிறு எறங்குது பாரு!" என்றார். வெளியே நின்றவர்கள், ஆமாம், எறங்குது என்றார்கள். சிலருக்குக் குதிரை கனைத்ததுகூடக் கேட்டது. பிறகு அந்த அலறல். கையில் கறுத்த முடிக் கத்தை.

தீர்த்தகிரிக்கு ஆனந்தம் தாங்கவில்லை. "என்ற ரோசா! பொழச்சுக்கிட்டியா கண்ணு!" என்று உள்ளே பாய்ந்து அதன் கழுத்தில் ஓங்கித் தட்டினான்.

டங் என்றது.

தீர்த்தகிரி கையை எடுத்துப் பார்த்தான். மறுபடியும் தட்டினான். மறுபடியும் டங். சாக்கைப் பிடித்து இழுத்தான். உருட்டி விழித்த கண்ணும், வரிசையாகக் காட்டிய பல்லும், தொங்கிய சிவப்பு நாக்குமாகக் கைலாசத்தின் குதிரை கூட்டத்தைப் பார்த்து இளித்தது.

இந்த இடத்தில் ஊர் சிரித்திருக்கும் என்று நீங்கள் நினைப்பீர்கள். நம் ஊரை உங்களுக்குத் தெரியாது. சாமிகள் ஒரு கணம்தான் விழித்தார். அடுத்த கணம் இரண்டு கையையும் தூக்கி, "பாத்தீங்களாடா! போற கோவத்துல முனி குதிரைய மண்ணாக்கிட்டுப் போயிட்டான்!" என்றார். அவ்வளவுதான். கூட்டம் தடாலென்று சேற்றில் விழுந்தது. கன்னத்தில் போட்டுக்கொண்டது. ஒருவர் தேங்காய் உடைத்தார். எருமைக்காரர் தன் எருமை இன்னும் சதையாகத்தான் இருக்கிறதா என்று பார்க்க வீட்டுக்கு ஓடினார். தீர்த்தகிரி மண்குதிரையின் காலைக் கட்டிக்கொண்டு கதறினான்.

பழனியம்மாள் தட்டியைத் தள்ளிக்கொண்டு நேராக உள்ளே வந்தாள்.

"அக்கட்டால போ! நெழலு! நெழலு!" என்று சாமிகள் கத்தினார்.

"பட்டுப்போச்சுங்க சாமி. என்ன ஆகுதுன்னு பாக்கலாமுங்க." களேபரத்தில் சாமிகள் கீழே போட்டிருந்த சடையை அவள் குனிந்து எடுத்தாள். முடியின் அடியில் கறுப்பு நூலால் இறுக்கிய முடிச்சு ஒன்று இருந்தது. "முனியப்பன் சவுரி வெச்சுப் பின்னிக்குவாருங்களா?"

அதற்குள் மற்றப் பெண்களும் எட்டிப் பார்த்தார்கள். அவர்களில் ஆத்தாயி என்கிற கிழவி சாமிகளின் முகத்தருகே போய் உற்றுப் பார்த்தாள். "அடே! இவன் ஜலகண்டாபுரத்துச் சவுரிக்காரன் சின்னான் அல்லோ! எனக்கொரு சவுரி வித்தான். ஒரே மழையில சாயம் போயிருச்சு." பெண்கள் நிழலைக் கண்டு முனி ஏன் அப்படிப் பயந்தார் என்பது ஆண்களுக்கு அப்போதுதான் லேசாக விளங்கியது.

வாசலில் நிஜமாகவே ஒரு குதிரை கனைத்தது. கைலாசம் ரோசாவைப் பிடித்துக்கொண்டு நின்றார். கூட்டம் போட்ட கூச்சல் தெருமுனையிலேயே அவர் காதில் விழுந்திருந்தது. "எவன்டா என்ற குதிரைய மண்ணாக்குனது? அதை மண்ணுல பண்ணுனவனே நாந்தான்!"

ரோசா கூட்டத்தைப் பார்த்தது. வாலைத் தூக்கியது. ஊரே காத்துக்கிடந்த அந்த லத்தியைச் சாமிகளின் காலடியிலேயே தாராளமாகப் போட்டது. அதற்குப் பிறகுதான் ஊர் சிரித்தது. சிரிப்புக்கிடையில் சாமிகள் ஓடப் பார்த்தார். சேற்றில் வழுக்கி விழுந்தார். மழைக்காலத்தில் வாகனம் இல்லாமல் நடப்பது கஷ்டம்தான்.

அவரைப் பிடித்துத் தூணில் கட்டினார்கள். தீர்த்தகிரி ரோசாவின் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதான். இந்தமுறை டங் என்று சத்தம் வரவில்லை. டாக்டர் சொன்னதைப் பழனியம்மாள் எல்லாருக்கும் சொன்னாள்: "மழை பேஞ்சதும் மொளைக்கிற எளம்புல்லு வெறும் வயித்துக்கு ஆவாதுங்களாமா. பூசணம் புடிச்ச தீனி போடக் கூடாதுங்களாமா. நிக்கற எடம் காஞ்சிருக்கோணும், மழைக்கு முந்தியே வயித்துப் பூச்சிக்கு மருந்து குடுக்கோணும். வயிறு இறுகிக் கெடக்கையில தண்ணி இல்லாமப் போட்டா செத்தே போயிருமுங்களாமா."

"தண்ணி இல்லீன்னாவா?" என்று பின்னாலிருந்து செவலைக் குதிரையைப் பறிகொடுத்தவனின் குரல் கேட்டது. நாச்சிமுத்து.



"மூணு நாளு வெறுந்தொட்டிய நக்குச்சு அது. என்னையப் பாத்துப் பாத்து நக்குச்சு. நாந்தான் தொட்டியக் கவுத்துப் போட்டேன்." அவன் தெருவோரம் பார்த்தான். அங்கே அவன் மனைவி காளியாத்தாள் நின்றிருந்தாள். இத்தனை நாளும் ஊர் ஏசியதை வாய் திறக்காமல் வாங்கிக்கொண்டவள் அப்போதும் தலையைத்தான் குனிந்துகொண்டாள். அதைப் பார்க்க, கூட்டத்தில் நின்ற எனக்குப் பொறுக்கவில்லை. சாமியாரைக் கட்டிய தூணில் இன்னும் நிறையப் பேருக்கு இடம் இருந்தது.

கூட்டத்துப் பெரியவர் ஒருவர் செருமினார். "என்ன பண்றது, கண்ணுல பட்டாத்தான தெரியும்? நமக்கு எங்க தெரிஞ்சுது?"

பழனியம்மாள் ரோசாவின் தலைக்கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இருப்பது எதுவும் தெரியாதபடி கண்ணின் இருபுறமும் வண்டிக் குதிரைக்குக் கட்டுகிற தோல் பட்டையைக் கழற்றி அந்தப் பெரியவரின் கையில் கொடுத்தாள்.

"குதிரைக்கு இதைக் கட்டி உடறது நாமுங்க. பாவம், அதுக்குக் கை இல்லீங்க, தானா அவுத்துக்க முடியாது. உங்களுக்குத்தான் ரெண்டு கை இருக்குதுங்களே?"