மாப்பிள்ளையின் பவளத்தொட்டியில் நான் செய்த திருத்தம்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதிக்கொள்வது. நானும் உங்கள் அத்தையும் உங்கள் வீட்டில் நலம். நீங்களும் மகளும் அங்கே நலம் என்று நம்புகிறேன். கண்ணாடித் தொட்டியில் நீங்கள் உயிரோடு வளர்க்கும் பவளம்தான் நலமில்லை. போனில் சொல்ல நாக்கு எழவில்லை, அதனால் எழுதுகிறேன்.

பயிற்சிக்குப் புறப்படும்போது, "வத்தின அளவுக்குச் சுத்தத் தண்ணி மட்டும் ஊத்துங்க மாமா. காரத்தன்மை கொஞ்சம் முன்னே பின்னே இருந்தா பரவாயில்லை, ஒரே மாதிரி இருந்தா போதும்" என்றீர்கள். சின்னப் பிள்ளைக்கும் புரியும். நான்தான் முப்பத்தொரு வருடம் குடிநீர் ஆய்வுக்கூடத்தில் இருந்தவன் ஆயிற்றே. சோதனைக் குப்பியில் சொட்டு விட்டு நிறம் மாறும்வரை எண்ணிப் பார்த்தேன், காரத்தன்மை ஏழரை. தொட்டிமேல் நீங்கள் எழுதி ஒட்டிய அட்டையிலோ எட்டு. பார்த்துக்கொண்டு சும்மா இருக்க இந்தக் கைக்குத் தெரியாது. காரம் ஏற்றும் கரைசலை ஊற்றினேன், மறுநாள் ஒன்பதரை. இறக்கப் பாதித் தண்ணீரை மாற்றினேன், ஏழு. மறுபடி ஊற்றினேன், பத்து. இப்படியே பன்னிரண்டு நாள் ஏற்றி இறக்கி, ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதிக் கையெழுத்தும் போட்டேன், யார் கேட்டார்களோ தெரியவில்லை. கட்டைவிரல் அளவிலிருந்து ஆறு வருடம் நீங்கள் வளர்த்த பச்சைப் பவளம் முதலில் சுருங்கியது, பிறகு ஓரம் வெளுத்தது. "அது பாட்டுக்கு இருந்துச்சு, நீங்கதான் போய் நோண்டினீங்க" என்றாள் உங்கள் அத்தை. உனக்கு என்ன தெரியும் என்று அவள்மேல் எரிந்து விழுந்தேன்.

வளர்ப்பு மீன் கடைக்காரரிடம் போனேன். யார் இப்படிச் செய்தது என்று கேட்டார். பக்கத்து வீட்டுக்காரர் என்று சொல்லிவிட்டேன். "அந்த ஆளை இனிமே தொட்டிப் பக்கமே விடாதீங்க சார்" என்றார். கண்டிப்பாகச் சொல்கிறேன் என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

ஒரு வாரமாகத் தொட்டியைத் தொடவில்லை. பாதி வெளுத்துவிட்டது, பாதி இன்னும் பச்சையாக இருக்கிறது. இதையெல்லாம்விட, நீங்கள் தினமும் போனில் விசாரிக்கும்போது "ஜோரா இருக்கு மாப்பிள்ளை" என்றேனே, அதுதான் மானத்தை வாங்குகிறது. மன்னித்துவிடுங்கள்.

இருவரும் நோய்நொடியின்றி நல்லபடியாகத் திரும்பி வர ஆசீர்வதிக்கும்,
வெட்கம்கெட்ட மாமா.

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது உங்கள் அத்தை சொல்கிறாள், வெளுக்க ஆரம்பித்த அன்றே உங்களுக்குப் போட்டோ அனுப்பிவிட்டாளாம். தினமும் அனுப்புகிறாளாம். அப்படியானால் என் "ஜோரா இருக்கு"க்கெல்லாம் "சந்தோஷம் மாமா" என்றீர்களே, அந்தப் போட்டோவைப் பார்த்துவிட்டா? "மாமாவுக்கு எப்ப சொல்லத் தோணுதோ அப்ப சொல்லட்டும், நீங்க எதுவும் கேக்காதீங்க அத்தை" என்றீர்களாம். இதற்கு நீங்கள் என்னை நாலு வார்த்தை திட்டியிருக்கலாம் மாப்பிள்ளை.