மூன்றடியில் தெரியும் தெளிவு

அந்த அலுவலகத்தின் காத்திருப்புக் கூடத்தில் ஒரு டிவி இருந்தது. இருப்பிடச் சான்றிதழ் வாங்க வருகிறவர்களுக்கு அது டோக்கன் எண்ணைக் காட்டும். கறுப்புத் திரையில் வெள்ளையாய் ஒரே ஓர் எண், ஒவ்வொரு இலக்கமும் பூசணிக்காய் அளவு. வாசலில் செருப்பைக் கழற்றுகிறவருக்கும் தெரியும். ஒன்பது வருடமாக ஒரு குறையும் இல்லாமல் வேலை செய்தது என்பதுதான் அதன்மேல் இருந்த ஒரே குறை.

பக்கத்து அலுவலகத்துக்கு நான்கு மடங்கு புள்ளிகள் கொண்ட புது டிவி வந்துவிட்டதாக மேலதிகாரியின் காதில் விழுந்தது. அன்றிலிருந்து அவருக்குப் பழைய டிவியின் 47 மங்கலாகத் தெரியத் தொடங்கியது. ஒரே மாதத்தில் இங்கேயும் புது டிவி சுவரேறியது. மிச்சம் இருந்தது ஒரு சடங்குதான். 'தெளிவு உயர்வு கண்கூடாகத் தெரிகிறது' என்று பண்டகக் காப்பாளர் கையொப்பமிட வேண்டும்.

பண்டகக் காப்பாளருக்கு அலுவலகத்தில் அரையங்குலம் என்று பெயர். மேசையோ பீரோவோ எது வந்தாலும் டேப்பை இழுத்து அளப்பார். சொன்னதைவிட அரை அங்குலம் குறைந்தால் வந்த வண்டியிலேயே திருப்பி ஏற்றிவிடுவார். பாச்சை உருண்டை வாசனையில் இருபத்திரண்டு வருடம் குடியிருந்தவருக்கு, கண்காணிப்பாளராகப் பதவி உயர்வுக் கோப்பு அந்த மாதம்தான் நகர்ந்து வந்திருந்தது. மேலதிகாரி கையெழுத்துப் போட்டுவிட்டால் ஜன்னல் வைத்த அறை.

வழக்கம்போல் அளந்தார். பெஞ்சிலிருந்து திரைக்குப் பதினோரு அடி இரண்டரை அங்குலம். உட்கார்ந்து பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். பழைய டிவியைப் பக்கத்தில் ஸ்டூல்மேல் ஏற்றி, இரண்டிலும் 47 போடச் சொல்லிப் பார்த்தார். பெஞ்சில் காத்திருந்த தையற்கார அம்மாவிடம் கேட்டார்.

"ரெண்டுலயும் என் நம்பர் வரலைங்க. அதுல எது தெளிவுன்னு நான் என்னத்தைக் கண்டேன்?" என்றார் அந்த அம்மா.

அரையங்குலம் 'தெரியவில்லை' என்று எழுதிவிட்டார்.

மேலதிகாரி கூப்பிட்டனுப்பினார். கோபப்படவில்லை, பரிதாபப்பட்டார்.

"கண்ணு எப்பலேருந்து இப்படி?"

"கண்ணு நல்லாத்தான் சார் இருக்கு. பதினோரு அடியில வித்தியாசம் தெரியாது."

"எனக்குத் தெரியுதே."

"நீங்க இன்னும் கூடத்துக்கே வரலையே சார்."

"வராமலே தெரியுது. அவ்வளவு தெளிவு."

பார்வை குறைந்தவரிடம் சரக்கறைச் சாவி இருப்பது பொதுநலனுக்கு உகந்ததல்ல என்று அன்று மாலையே குறிப்பு எழுதப்பட்டது. கண் டாக்டரின் சான்று வரும்வரை பதவி உயர்வுக் கோப்பை மூடி வைக்கும்படியும் அதில் இருந்தது.

கண் டாக்டரிடம் அரையங்குலம் பலகையின் கடைசி வரியைப் படித்தார். கேட்காமலே, அதற்கும் கீழே பொடி எழுத்தில் இருந்த அச்சகத்தின் பெயரையும் படித்தார். கண்ணில் கோளாறில்லை, அத்தனை பொடிப் புள்ளிகளை அவ்வளவு தூரத்திலிருந்து எந்தக் கண்ணும் பிரித்தறியாது, மூன்றடிக்குள் போனால் ஒருவேளை தெரியலாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார்.

மேலதிகாரி அதை இரண்டு தடவை படித்து மகிழ்ந்தார். டிவியில் குறையில்லை. கண்ணிலும் குறையில்லை. ஆகவே குற்றவாளி தூரம். பெஞ்சை மூன்றடிக்கு நகர்த்த ஆணை பிறந்தது.

அரையங்குலமே அளந்து போட்டார். உட்கார்ந்தார். ஏழின் மூக்கு நுனி ஒரு மயிரிழை கூர்மையாக இருந்தது. அல்லது இருப்பது போலிருந்தது. ஜன்னல் வைத்த அறை அதைவிடத் தெளிவாகத் தெரிந்தது. கையெழுத்துப் போட்டார்.

பெஞ்சில் ஆறு பேர்தான் உட்காரலாம். மற்றவர்கள் பின்னால் நின்றார்கள். அறிவிக்கப்பட்ட பார்வைத் தூரத்துக்கு அப்பால் நிற்பவர் தம் எண்ணைக் கண்டதாகக் கருத இயலாது. கண்டதாகக் கருத இயலாதவருக்கு டோக்கன் தர இயலாது. எனவே நாளொன்றுக்கு ஒரு பெஞ்சு, ஆறு டோக்கன். நூற்றிருபது பேர் வந்துபோன கூடத்தில் கூட்டம் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து குறைந்ததாகவும், தெளிவே அதற்குக் காரணம் என்றும் அறிக்கை மேலே போனது. மேலேயிருந்து பாராட்டு வந்தது.

பதவி உயர்வு ஆணையும் வந்தது. பதினைந்து நாளுக்குள் இருப்பிடச் சான்றிதழ் கொடுக்காவிட்டால் ஆணை ரத்து என்று அதன் அடியில் ஒரு வரி. நம் அலுவலகம்தானே என்று அரையங்குலம் உள்வழியாகப் போய்க் கேட்டார். ஊழியரும் டோக்கன் வழியாகத்தான் வரவேண்டும் என்று விதியைக் காட்டினார்கள். தினமும் வரிசையில் நின்று பார்த்தார். பதினான்காம் நாள் விடிவதற்குமுன் வந்தும் ஏழாவது ஆள்.

"ஆறோட சரி சார்," என்றார் வாட்ச்மேன்.

"யோவ், எனக்கு இங்கேருந்தே நம்பர் பளிச்சுனு தெரியுதுய்யா."

வாட்ச்மேன் குரலைத் தாழ்த்தினார். "சத்தமாச் சொல்லாதீங்க சார். இங்கேருந்து தெரியுதுன்னா பெஞ்சை எதுக்கு நகர்த்தினோம்னு கேப்பாங்க. கையெழுத்து உங்களுது."

முன்வரிசையில் தையற்கார அம்மா உட்கார்ந்திருந்தார். ஏழு நாள் நின்று பிடித்த இடம். கழுத்தை அண்ணாந்தபடி திரும்பிப் பார்த்தார்.

"அங்கேருந்து உங்களுக்கு என்னங்க தெரியும்? இங்க வந்து பாருங்க, புள்ளி புள்ளியாத் தெரியுது."

சுவரோரம் நின்றவர்கள் பொறாமையோடு பெருமூச்சு விட்டார்கள். இதை இப்படியே விடக்கூடாது, மனு எழுதவேண்டும் என்றார் ஒருவர். எழுதத் தெரிந்தவர் அரையங்குலம்தான் என்று காகிதத்தை அவரிடம் நீட்டினார்கள். பெஞ்சைப் பழைய இடத்துக்கே தள்ளச் சொல்லலாமா என்று அவர் மெல்லக் கேட்டுப் பார்த்தார். அவரை ஏற இறங்கப் பார்த்தார்கள். அவர்கள் கேட்டது மற்ற மூன்று சுவர்களுக்கும் தலா ஒரு புது டிவி.

மறுநாள் கெடு முடிகிறது. அரையங்குலம் சுவரில் காகிதத்தை வைத்து முதல் வரியை எழுதினார்: 'புதிய டிவியில் தெளிவு உயர்வு கண்கூடாகத் தெரிகிறது.' நாற்பத்தோரு பேர் கையெழுத்துப் போட்டார்கள். பதினோரு அடி தள்ளி நின்ற அவர்களில் ஒருவர்கூட, எங்கேயிருந்து தெரிகிறது என்று கேட்கவில்லை.