முதலியார் மொழிபெயர்த்த மட்ச்

யுத்த காலத்து வெள்ளவத்தைத் தமிழர்களை இரண்டாகப் பிரிக்கலாம். முதலியாரிடம் அகப்பட்டு அதிர்ந்து போனவர்கள் ஒரு பகுதி. இனிமேல் அகப்பட இருந்தவர்கள் மறு பகுதி. மூன்றாவதாக ஒரு பகுதி இருந்ததாக நான் கேள்விப்படவில்லை.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். கடலுக்கு இறங்கும் குறுகிய ஒழுங்கை ஒன்றில், மனோன்மணி அக்கா நடத்திய போடிங் விடுதியில் அவரோடு சில வருடங்கள் குடியிருந்த எனக்கே அது தெரியாது. நீதிமன்றங்களில் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அங்கே அந்த உத்தியோகத்தில் இருப்பவரை முதலியார் என்றுதான் அழைப்பார்கள். பென்சன் வந்த பிறகும் பெயர் போகவில்லை. பெயர் மட்டுமா, உத்தியோகமும் போகவில்லை. எங்கேயாவது இரண்டு பேர் கதைப்பதைக் கண்டால் நடுவில் போய் நின்று, ஒருவர் சொன்னதை மற்றவருக்குத் திருப்பிச் சொல்லுவார். இருவருக்கும் மொழி ஒன்றாக இருந்தாலும் சொல்லுவார்.

ஒருமுறை பக்கத்து வீட்டுக்குப் பெண் பார்க்கக் கொட்டாஞ்சேனையிலிருந்து ஆட்கள் வந்தார்கள். அந்த வீட்டில் வந்தவர்கள் இருக்கக் கதிரை போதாது என்று எங்கள் வீட்டுக் கதிரைகளை இரவல் வாங்கினார்கள். கதிரைகளோடு முதலியாரும் போனார். மாப்பிள்ளையின் தாயார் பலகாரத்தைக் கடித்துக்கொண்டே தன் தங்கையின் காதுக்குள் ஏதோ குசுகுசுத்தார். முதலியார் தொண்டையைச் செருமி, பெண்ணின் தகப்பனைப் பார்த்து, "மாப்பிள்ளையின்ர தாயார் சொல்லுறா, பெட்டை நிறம் குறைவாம்" என்றார். தகப்பன் அதிர்ச்சியில் பல்லைக் கடித்தபடி ஒரு சொல் சொன்னார். முதலியார் அதையும் மறுபக்கத்துக்குச் சேர்த்துவிட்டார். ஊற்றிய தேத்தண்ணீர் ஆறுவதற்குள் சம்பந்தம் முறிந்தது.

மனோன்மணி அக்கா அன்று அவரை நன்றாக ஏசினார். அவர் தலை குனியவில்லை. "பிள்ளை, சபையில சொன்னதில ஒரு எழுத்துக் கூட்டவும் ஏலாது, குறைக்கவும் ஏலாது. சத்தியம் செய்துதான் அந்த வேலைக்குப் போனனான்" என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டார்.

இப்படிப்பட்டவர் இருந்த வீட்டில்தான் கேபிள்காரன் விளையாட்டுச் சானலை வெட்டினான்.

அதுவும் எப்போது? இலங்கையும் இந்தியாவும் மோதும் இறுதியாட்டத்துக்கு முந்தைய வாரம். எங்கள் போடிங்கின் ஹோலில் ஒரே ஒரு தொலைக்காட்சிப் பெட்டி. அதன் முன்னால் பாதிப் பேர் இலங்கைக் கட்சி, பாதிப் பேர் இந்தியக் கட்சி. ஊரடங்கும் சுற்றிவளைப்புமாக இருந்த காலத்தில் வெளியே போய்க் களிக்க இடமில்லாத ஆண்களுக்கு அந்தப் பெட்டிதான் திருவிழா. வேலை விட்டு வந்து சட்டையைக் கழற்றியபடி போட்டால், விளையாட்டுத் திடல் இருக்க வேண்டிய இடத்தில் நீலத் திரை. நடுவில் ஆங்கிலத்தில் ஓர் அறிவித்தல். நாங்கள் எல்லாரும் வாசித்துவிட்டோம். ஆனாலும் முதலியார் எழுந்து பெட்டியின் பக்கத்தில் நின்று எங்களுக்கு மொழிபெயர்த்தார். சானல்காரர் கேட்கும் கட்டணம் அநியாயமாம். அதைக் கட்டினால் வாடிக்கையாளரின் தலையில்தான் விழுமாம். எனவே ஒளிபரப்பு நிறுத்தமாம். அடுத்த நாள் பத்திரிகையில் சானல்காரர் ஒரு விளம்பரம் போட்டார்கள். கேபிள் கம்பனி எங்களிடம் மாதா மாதம் வாங்குவதைத் தங்களுக்குத் தருவதில்லை என்றும், குற்றம் முழுவதும் கம்பனியுடையது என்றும் அதில் இருந்தது. முதலியார் அதையும் சாப்பாட்டு மேசையில் வைத்து மொழிபெயர்த்தார்.

இரண்டு பக்கத்தையும் கேட்ட பின் எங்களுக்கு இருவர் மீதும் கோபம் வந்தது. கொள்ளுப்பிட்டியில் இருந்த கேபிள் கம்பனி அலுவலகத்துக்குப் போய்க் கேட்பதென்று முடிவாயிற்று. போனவர்கள் நான், தேவன், முதலியார். தேவன் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, வெளிநாட்டு விசாவுக்குக் காத்திருந்த பெடியன். சிங்களத்தில் ஒரு சொல் தெரியாது. இந்தியக் கட்சியில் அவனுடைய தொண்டைதான் பெரிது. முதலியாரை நாங்கள் கூப்பிடவில்லை. பஸ்ஸில் ஏறிப் பார்த்தால், கறுப்புக் கோட் போட்டுக்கொண்டு முன் சீற்றில் இருந்தார்.

அலுவலகத்தில் ஒரு சிங்களப் பெண் எங்களை இருத்தி, கனிவாக ஆங்கிலத்தில் விளக்கம் சொன்னார். முதலியார் எழுந்து நின்று மொழிபெயர்த்தார். அந்தப் பெண் எங்களையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். அப்போது தேவன் என் பக்கம் சரிந்து, "அண்ணை, இதுகள் முழுக் கள்ளக் கூட்டம். இந்தப் பிள்ளைக்குச் சம்பளமே பொய் சொல்லத்தான்" என்று முணுமுணுத்தான்.

முதலியாரின் வாய் ஏற்கெனவே திறந்திருந்தது. மணி மணியான சிங்களத்தில், எழுத்துக் குறையாமல், நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, அதை அந்தப் பெண்ணுக்குச் சொன்னார். கேட்டவளின் முகம் சிவந்தது. வாசலில் நின்ற காவலாளி உள்ளே வந்தான். பின்னால் மனேஜர் வந்தார்.

மனேஜர் நல்ல மனுசன். எங்களை வெளியே தள்ளாமல் தன் அறைக்குக் கூட்டிப்போய், சானல்காரரோடு தானும் பேசிக் களைத்துவிட்டதாகச் சொன்னார். தினமும் தொலைபேசியில் சண்டையாம். முதலியார் அவரிடம் ஒரு யோசனை சொன்னார். சானல்காரரையும் இவரையும் ஒரு மேசையில் இருத்தினால், தான் நடுவிலிருந்து மொழிபெயர்க்கத் தயாராம். மனேஜர் குழம்பிப்போய், இரண்டு பகுதியும் ஆங்கிலத்தில்தானே பேசுகிறோம் என்றார்.

முதலியார் என்னிடம் திரும்பினார். "இதுதான் தம்பி பிரச்சினை. ஒரே பாஷையில சண்டை பிடிச்சா உடன உடன பதில் சொல்லிப்போடுவாங்கள். நடுவில ஒராள் நிண்டு திருப்பிச் சொல்லேக்கை, மற்றவனுக்கு யோசிக்கக் கொஞ்ச நேரம் கிடைக்கும். கன வழக்கு அந்தக் கொஞ்ச நேரத்திலதான் தீர்ந்தது."

பிறகு அதை மனேஜருக்கும் சொன்னார். மனேஜர் எங்களுக்குக் குடிக்கப் பிளேன்ரீ வரவழைத்தார். சானல் மட்டும் வரவில்லை.

இறுதியாட்டம் ஞாயிற்றுக்கிழமை பகலில். வேறு எந்தச் சானலிலும் அது இல்லை. தமிழ் வானொலியில் இடைக்கிடை ஓட்ட எண்ணிக்கை மட்டும் சொன்னார்கள். சிங்களத்தில்தான் முழு வர்ணனை. எங்கள் சிங்களம் மீன்காரனோடு பேரம் பேசக் காணும். வர்ணனையாளரின் வேகத்துக்குக் காணாது. முதலியார் ஒரு கதிரையை ஹோலுக்கு நடுவில் போட்டு, ரேடியோவை மடியில் வைத்துக்கொண்டார். நாங்கள் சுற்றிவர நிலத்தில் இருந்தோம். பக்கத்து வீட்டு ஆண்கள்கூடக் கோபத்தை மறந்து வந்திருந்தார்கள்.

ஒன்றை நாங்கள் யோசிக்கவில்லை. முதலியாருக்குக் கிரிக்கெட் தெரியாது. அவருக்குத் தெரிந்தது கோர்ட் தமிழ் ஒன்றுதான்.

முதல் பந்திலேயே அதிர்ச்சி. "வழக்குத் தொடுநர் ஓடி வருகிறார். எதிரி ஆஜராகி நிற்கிறார். பந்து சம்பந்தமில்லாத திசையில் சென்றபடியால் ஏற்றுக்கொள்ளப்படவில்லை" என்றார். அது வைட் என்று கண்டுபிடிக்க எங்களுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. சிக்ஸர் அடித்தால், "பந்து இந்த மைதானத்தின் நியாயாதிக்கத்துக்கு அப்பால் சென்றுவிட்டது" என்பார். எல்.பி.டபிள்யூ கேட்டால், "காலால் மறித்ததாகக் குற்றச்சாட்டு. போதிய சான்று இல்லையென்று நடுவர் தள்ளுபடி செய்கிறார்" என்பார். ரன் அவுட் ஆனவரைப் பற்றி, "தனது வதிவிடத்தை அடையும் முன்பே கைது" என்று சொன்னபோது சமைத்துக்கொண்டிருந்த மனோன்மணி அக்கா குசினிக்குள்ளிருந்து பதறி ஓடி வந்தார். அந்தக் காலத்தில் அந்தச் சொல்லுக்கு யாரும் சும்மா இருக்கமாட்டார்கள். மட்ச்சில்தான் என்று விளக்கி அவரைத் திருப்பி அனுப்பினோம்.

ஆனால் உண்மையைச் சொன்னால், அப்படி ஒரு மட்ச்சை நான் கேபிளில் பார்த்ததில்லை. சிரித்துச் சிரித்து வயிறு நொந்தது. இந்தியா அடித்து முடித்து, இலங்கை அடிக்கத் தொடங்கியது. இலங்கைக் கப்டன் நிலைத்து நின்று எல்லாப் பக்கமும் விளாசினார். அப்போதுதான் முதலியார் கையை உயர்த்தி, "எதிரி தூக்கி அடித்தார். பந்து பிடிக்கப்பட்டது. குற்றவாளி" என்றார்.

இந்தியக் கட்சி முழுவதும் எழும்பிக் கத்தியது. தேவன் இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு, கூரை ஓடு பறக்கக் கத்தினான்.

கதவு தட்டிய சத்தம் அதற்குப் பிறகுதான் எங்களுக்குக் கேட்டது. அக்கா திறந்தார். ஒரு இன்ஸ்பெக்டர், பின்னால் துப்பாக்கியோடு நான்கைந்து பேர். ஒழுங்கையைச் சுற்றிவளைத்து, வீடு வீடாகப் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். யாரோ ரேடியோவை நிறுத்தினார்கள். தேவனின் கைகள் மட்டும் இன்னும் மேலேயே இருந்தன.

இன்ஸ்பெக்டர் நேரே அவனிடம் போனார். அடையாள அட்டையை வாங்கி, யாழ்ப்பாண விலாசத்தைப் பார்த்தார். பிறகு சிங்களத்தில் ஏதோ கேட்டார். குரலை உயர்த்தவில்லை. முதலியார் எழுந்து வந்து இருவருக்கும் நடுவில் நின்று தமிழில் சொன்னார்:

"தம்பி, ஐயா கேக்கிறார், எங்கட கப்டன் அவுட்டான நேரம் பார்த்து இந்த வீட்டில கூச்சல் கேட்டதாம். ரோட்டில நிண்ட அவைக்கும் ரேடியோ இருக்காம். நீர் ஏன் கத்தினனீர் எண்டு கேக்கிறார்."

தேவனுக்குப் பயத்தில் பொய் வரவில்லை. அந்த வயதில் எல்லாருக்கும் வந்துவிடாது. "சந்தோசத்திலதான் ஐயா கத்தினனான். நான் இந்தியாவின்ர பக்கம்தானே" என்றான்.

அந்த ஹோலில் நின்ற ஒவ்வொருவருக்கும் முதலியாரைத் தெரியும். கூட்டவும் மாட்டார், குறைக்கவும் மாட்டார். அந்த நாட்களில் இதைவிடச் சின்னக் காரணங்களுக்குக் கூட்டிக்கொண்டு போகப்பட்டு, எங்கே இருக்கிறார்கள் என்று தெரியாமல் தாய்மார் தேடித் திரிந்த பெடியன்கள் இருந்தார்கள். அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டார். முதலியாரின் வாயை எப்படிப் பொத்துவது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

முதலியார் கோட் போட்டிருக்கவில்லை. ஆனாலும் இல்லாத கோட்டை இழுத்துச் சரிசெய்துவிட்டு இன்ஸ்பெக்டரிடம் பேசத் தொடங்கினார். தேவன் சொன்னது ஒரு வரி. அவர் பேசிக்கொண்டே போனார். எங்கள் மீன்கடைச் சிங்களத்துக்கும் அது விளங்கியது. இந்தப் பிள்ளை துக்கத்தில் கத்தியதாகச் சொல்கிறார். கப்டன் இவ்வளவு நல்லாக அடித்துவிட்டு இப்படி அவசரப்பட்டது இந்தப் பிள்ளைக்குத் தாங்க முடியவில்லை. மற்றவர்களும் துக்கம் தாங்காமல்தான் கத்தினார்கள். தமிழருக்குத் துக்கம் வந்தால் வழக்கம் அப்படித்தான். கூட்டமாகச் சேர்ந்து சத்தமிடுவார்கள். அதற்கு ஒப்பாரி என்று பெயர்.

நான் அதிர்ந்த அதிர்ச்சியை எந்த மொழியில் சொல்வது? செத்த வீடு என்று நினைத்துக்கொண்டு எல்லாரும் முகத்தைத் தொங்கப் போட்டோம்.

இன்ஸ்பெக்டர் தேவனின் முகத்தை உற்றுப் பார்த்தார். தேவனின் கண்களிலிருந்து தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. அது பயத்தில் வந்த கண்ணீர். ஆனால் முதலியாரின் கதைக்கு அதைவிட நல்ல சாட்சி கிடைத்திருக்காது. இன்ஸ்பெக்டர் அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்தார். அவனுடைய தோளில் தட்டி ஏதோ சொன்னார்.

"இன்னும் விக்கெட் இருக்காம். கவலைப்பட வேண்டாமாம்" என்றார் முதலியார்.

போகிற வழியில் இன்ஸ்பெக்டர், தன் வீட்டிலும் அந்தச் சானல் வருவதில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். இதை யாரும் மொழிபெயர்க்கவில்லை. முதலியார் அதற்குள் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திவிட்டார்.

அந்த மட்ச்சை யார் வென்றார்கள் என்று கேட்காதீர்கள். ரேடியோவைத் திரும்பப் போடும் தைரியம் எங்களில் ஒருவருக்கும் வரவில்லை. அக்கா புட்டும் கத்தரிக்காய்ப் பொரியலும் கொண்டுபோய் முதலியாரின் கதவைத் தட்டினார். பசியில்லை என்று உள்ளிருந்து பதில் வந்தது. ஒரு பெடியனைக் காப்பாற்றிவிட்டு இந்த மனுசன் ஏன் சாப்பிடாமல் கிடக்கிறார் என்று எங்களுக்கு விளங்கவில்லை.

மறுநாள் காலை எல்லாரும் மேசையில் இருந்தபோது கதவு திறந்தது. முகச்சவரம் செய்து, கறுப்புக் கோட் போட்டுக்கொண்டு வந்தார். நேரே தேவனுக்கு முன்னால் போய் நின்றார். தேவன் தின்றுகொண்டிருந்த பாண் துண்டைத் தட்டில் வைத்துவிட்டு எழும்பினான்.

"தம்பி, நேற்று நீர் சொன்ன வாக்குமூலத்தை நான் மாத்திப்போட்டன். உம்மட்டக் கேக்காமல் செய்தனான். அது பெரிய பிழை. நீர் என்னை மன்னிக்கவேணும்" என்றார்.

நாங்கள் சிரிக்கவில்லை. சிரிப்பு வரவில்லை. தேவனைச் சிறையிலிருந்து காப்பாற்றியவர், அவனுடைய பேச்சை மாற்றியதற்காகக் கை கூப்பி மன்னிப்புக் கேட்கிறார். கூப்பிய அந்தக் கைகளைத் தேவன் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். "அம்மாவுக்குப் போன் எடுத்து உங்களைப் பற்றிச் சொல்லவேணும் ஐயா" என்று மட்டும் சொன்னான்.

சில நாட்களில் கேபிள்காரரும் சானல்காரரும் என்ன சமாதானம் பண்ணினார்களோ, சானல் தானாக வந்தது. தேவன் அதைப் பார்க்க அவ்வளவாக இருக்கவில்லை. தூதரகம், பொலிஸ் பதிவு, புகைப்படக் கடை என்று அலைந்துகொண்டிருந்தான். எங்கே போனாலும் முதலியார் கூடப் போனார். அவனுக்கு விசா கிடைத்த நாள்வரை, காலி வீதியில் சோதனைச் சாவடி எந்தப் பக்கமோ அந்தப் பக்கமாக அவர்தான் நடப்பார். இருவரும் வீடு திரும்பக் கொஞ்சம் சுணங்கினாலும், பெட்டியில் எந்த மட்ச் ஓடினாலும், நாங்கள் எழும்பிப் போய் ஒழுங்கை வாசலில் நிற்போம்.