இரண்டு சிங்கமும் பாதி அந்தோனியாரும்

சேசு மரி சூசை துணை

வால்தெகாப்ரா
9 ஜூலை 1987

அன்புள்ள தங்கை எர்மெலிந்தாவுக்கு, அமாதேயு அண்ணன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் கோழிகளும் சுகம்; நம் குடும்ப மானம்தான் சுகமில்லை. பிரான்சில் நீயும் மாப்பிள்ளையும் சுகமா?

நம் ஊரில் நீ கட்டிய புது வீட்டு வாசலில் கருங்கல்லில் இரண்டு சிங்கத்தைச் செதுக்கி வைத்துவிட்டு, "அண்ணே, நம்ம முன்னோர் பிரபு வம்சமாத்தான் இருக்கணும். கோயில் பதிவேட்டுல பாத்து ஒரு பேரை மட்டும் அனுப்புங்க" என்று எழுதினாயே, அன்று பிடித்தது எனக்குச் சனி. மூன்று வாரம் பிரகான்சா நகரத்து ஆவணக் காப்பகத்தில் கிடந்தேன். சாமியார்களின் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கிறது. எந்தப் பக்கம் திருப்பினாலும் மரியா, மரியா. ஒருத்திக்கும் குடும்பப் பெயர் கிடையாது. பூச்சி அரித்த இடத்திலெல்லாம் நம் ஆட்கள்தான். கடைசியில் கொள்ளுத்தாத்தாவின் அப்பா குஸ்தோதியோ கிடைத்தார். பிரபுவாம் பிரபு! வளர்க்க முடியாத பிள்ளைகளை இரவில் வைத்து அநாதை மடத்துக்குள்ளே சுற்றிவிடுவார்களே, அந்தச் சுவர்ச் சக்கரத்தில் 1827 மார்ச்சில் கிடந்த குழந்தையம்மா அவர். தாய் தகப்பன் பெயர் தெரியாது. பிற்பாடு வந்து மீட்டுக்கொள்ள அடையாளமாக, நீல நாடாவில் கட்டிய பாதி அந்தோனியார் படம்; மறு பாதி விட்டுப்போனவர்களிடம் இருக்குமாம். ஒருவரும் வரவில்லை. நம் ஜெபப் புத்தகத்தில் எலி தின்றது என்று நினைத்தோமே, அந்தப் படம்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அதோடு விட்டதா? வாய்க்கால் தண்ணீருக்காக முப்பது வருடமாக நம்மோடு வழக்காடுகிற பக்கத்து வீட்டு பெலார்மினோ, காப்பிக்கடையில் எல்லார் முன்னாலும், "என்னப்பா அமாதேயு, சிங்கம் குட்டி போட்டுச்சா?" என்றான். வந்த கோபத்தில், "இந்தா, கேட்டுத் தொலை!" என்று பதிவேட்டு நகலை முழுக்க வாசித்துவிட்டேன். அவன் ஒயினைக்கூடக் குடித்து முடிக்காமல் எழுந்து ஓடினான். ஊரெல்லாம் சொல்லத்தான், வேறெதற்கு?

ஆகஸ்ட் திருவிழாவுக்கு வராதே. சிங்கங்களை உடைக்கக் கல்தச்சனை நாளைக்கு வரச் சொல்லியிருக்கிறேன். மாப்பிள்ளைக்கு என் விசாரிப்பு. பிள்ளைகளுக்கு முத்தமும், மிச்சமிருக்கும் ஆசீர்வாதமும்.

உன் அண்ணன்,
அமாதேயு

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது பெலார்மினோ கதவைத் தட்டினான். கையில் கண்ணாடிச் சட்டத்துக்குள் பாதி அந்தோனியார். நம்மிடம் தலை, அவனிடம் குழந்தை சேசுவும் கால்களும். "எங்க வீட்ல தலைமுறை தலைமுறையா இதை எறியக் கூடாதுன்னு வச்சிருக்காங்க அமாதேயு. ஏன்னுதான் யாருக்கும் தெரியல" என்றான். மேசையில் சேர்த்து வைத்தோம், கிழிசல் பொருந்தியது. இருவரும் கட்டிக்கொண்டு அழுதோம். ஆகவே திருவிழாவுக்கு அவசியம் வா. சிங்கத்தையும் உடைக்கப்போவதில்லை. கண்ணைத் துடைத்ததும் அவன் சொன்னது: "பங்காளின்னு ஆயிப்போச்சு. ரெண்டு சிங்கத்துல ஒண்ணு எனக்கு வந்தாகணும்."