அந்தக் கையை இறக்கு, தம்பி

ஜொன்ஜு,
சூசொக் அறுவடைப் பண்டிகை விடுமுறை முடிந்த மறுநாள்

கல்லூரியில் எனக்கு இரண்டு வருஷம் இளையவனும், இப்போது நகர ஓவியக்கூடத்தில் பெரிய அதிகாரியுமான தம்பி மெங் ஹியோன்-சிக்குக்கு, அண்ணன் பியோ கில்-சூ எழுதுவது. நான் நலம். நீயும் நலமாக இருந்தால் சரி. இல்லையென்றாலும் இன்று எனக்கு வருத்தமில்லை.

நூறு வருஷத்து இளைஞர்கள் என்று கண்காட்சி வைத்திருக்கிறாயே, உனக்கு வேறு வேலையே கிடையாதா? பண்டிகைப் படையலை முடித்துவிட்டுக் குடும்பத்தோடு வந்தேன். ஒரு படத்தில் ஜப்பான்காரன் ஆட்சிக்காலத்துப் பையன் மாணவர் தொப்பியோடு அழுகிறான். போர்க்காலத்துப் பிள்ளை யாருடைய ஷூவுக்கோ பாலிஷ் போடுகிறது. எழுபதுகளின் தையலாலைப் பெண் மெஷின்மேலேயே தூங்குகிறாள். இந்தக் காலத்துப் பையன் கடையில் நின்றுகொண்டே நூடுல்ஸ் தின்கிறான். நூறு வருஷத்தில் ஒருத்தன்கூடவா உட்கார்ந்து நிம்மதியாகச் சாப்பிடவில்லை? அது போகட்டும். எண்பத்தேழில் மாணவர் போராட்டத்தின்போது நீ வரைந்து கல்லூரி வாசலில் தொங்கவிட்ட அந்த மூன்று மாடி உயரத் துணிப்படத்தை எதுக்குடா தூசி தட்டி நடுக்கூடத்துல மாட்டினே?

நெற்றியில் துணி கட்டிக் கையை ஓங்கி நிற்கிறானே, அவன் முன்னால் என் மகள் தா-ஒன் நின்றுவிட்டாள். "அப்பா, இது நீங்கதானே? அப்படியே உங்க காது!" "நானா? நான் அப்போ லைப்ரரியை விட்டு வெளிய வந்ததே இல்லையே" என்றேன். என் மனைவி, "முப்பது வருஷமா அந்தக் காதுலதான் கத்திக்கிட்டிருக்கேன், எனக்குத் தெரியாதா?" என்று சேர்ந்துகொண்டாள். போச்சு! அரசாங்க வேலைப் பரீட்சைக்காக மூன்று வருஷமாகச் சியோலில் ஜன்னல் இல்லாத அறையில் படித்தவள், புத்தகத்தை மூடிவிட்டு, "சாப்பாடு டெலிவரி பண்றவங்க சங்கத்துல வேலைக்குச் சேரப்போறேன்" என்கிறாள். "வாயை மூடிக்கிட்டுப் படி" என்றேன். "நீங்க மட்டும் மூடிக்கிட்டா இருந்தீங்க?" என்கிறாள். இனி நான் சொன்னால் கேட்பாளா? ஒரு பொண்ணோட வாழ்க்கையே போகுதுடா, உன் படத்தாலே!

ஆகவே வெள்ளிக்கிழமைக்குள் படத்தை இறக்கு. முடியாதென்றால், 'அநீதிக்கு எதிராக உயர்ந்த கை' என்று கீழே எழுதியிருக்கிறாயே, அதையாவது மாற்று. அது வாசல் கடையில் இன்னொரு கெட்டில் அரிசிக் கள்ளு கேட்டு உயர்ந்த கை. மூத்தவன் சொல்கிறேன், மறுக்காதே.

உன் வீட்டார் அனைவரும் நோய்நொடியின்றி இருக்கட்டும்.

பியோ கில்-சூ

பி.கு.: தபாலில் போடக் கிளம்பும்போது தா-ஒன் வழிமறித்தாள். "அன்னைக்கு உங்களுக்குப் பயமா இருந்துச்சாப்பா?" இத்தனை வருஷத்தில் யாரும் கேட்டதில்லை. "கால் நடுங்குச்சும்மா" என்றேன். "எனக்கும் நடுங்குது" என்றாள். படத்தை இறக்காதே. சனிக்கிழமை ஊர்வலத்துக்கு அவள் சங்கத்தாருக்குப் பெரிதாக ஒரு துணிப்படம் வேண்டுமாம். தூரிகையோடு வந்து சேர். துணி வாங்கிவிட்டேன்.